வாக்கு என்னும் பிராணன்

நான் குடியிருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் ஒரு பெண்ணின் ஊர். பதினொரு நிலைக் கோபுரம் வடபத்ரசாயிக்கு உரியது. தமிழக அரசின் முத்திரையில் இடம்பெற்ற பெருமையும் அதற்கு உண்டு. ஆயினும் ஊரார் நாவில் அது ஆண்டாள் கோயில்தான். கடைப்பலகைகளில் அவள் பெயர், பிறக்கும் குழந்தைகளுக்கு அவள் பெயர், ஆடிப்பூரத் தேரின் வடத்தில் கைவைக்க முந்தும் மகளிர் நாவில் அவள் பெயர். வந்தவாசிப் பக்கத்துச் சமணக் குடியிற் பிறந்த நான், ஆசிரியப் பயிற்சி முடித்த சில மாதங்களில் மணமாகி, கணவரின் அரசுப் பணி காரணமாக இவ்வூருக்கு வந்து, இங்கேயே ஆசிரியையாகி, ஓய்வும் பெற்றுவிட்டேன். அட்சய திருதியைக்கும் மகாவீரர் நிர்வாண நாளுக்கும் வடக்கே பிறந்த ஊர் செல்வதும், ஆடிப்பூரத்துக்குத் தெருமுனையில் நின்று தேர் பார்ப்பதுமாக ஐம்பது ஆண்டுகள் கழிந்தன.

சென்ற ஆண்டு, கல்லூரியில் இலக்கியம் பயிலும் என் பேத்தி விடுமுறைக்கு வந்திருந்தாள். தேர் பார்த்துத் திரும்பும் வழியில் இரண்டு கேள்விகள் கேட்டாள். “ஆண்டாள் பாட்டை ஆண்டாள்தான் எழுதினாளா பாட்டி? இல்லன்னு எங்க வகுப்புல ஒருத்தர் சொன்னார்” என்பது முதற்கேள்வி. அதற்கு நான் விடை தேடுவதற்குள், “நம்ம பக்கத்துல எழுதின பொண்ணுங்க யாரும் இல்லையா?” என்றாள். முதற்கேள்விக்கு அன்றே ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். இரண்டாவது கேள்வி என்னை விடவில்லை. இக்கட்டுரை அதற்காகவே எழுதப்படுகிறது.

ஆயினும் முதற்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும். திருப்பாவை முப்பது பாசுரங்களும் நாச்சியார் திருமொழி 143 பாசுரங்களும் ஆண்டாள் பெயரால் வழங்குகின்றன. அவற்றைப் பாடியவர் தம் பெயரை மறைக்கவில்லை. பதிகங்களின் இறுதிப் பாட்டில், தாம் வில்லிபுத்தூர்ப் பட்டர்பிரானின் கோதை என்று தெளிவாகப் பதிந்து வைத்திருக்கிறார். இதனினும் வெளிப்படையான கையெழுத்து வேறு என்ன வேண்டும்? அப்படியிருந்தும் இருபதாம் நூற்றாண்டில் அறிஞர் சிலர்க்கு ஓர் ஐயம் எழுந்தது. கோதை என்றொருத்தி வாழ்ந்ததே இல்லை, பெரியாழ்வாரே ஒரு மகளைக் கற்பனை செய்து அவள் வாயால் பாடினார் என்பது அவர்கள் கருத்து. இராஜாஜி அவர்களையும் இக்கருத்தினராக எடுத்துக்காட்டுவர். பெரியாழ்வார் தம்மை யசோதையாகப் பாவித்துப் பாடியவர். தாயாகப் பாடியவர் மகளாகவும் பாடியிருக்கலாகாதா என்பது அவர்கள் வாதம்.

பாடியிருக்கலாம். ஆனால் இந்த ஐயம் ஒரே திசையில் மட்டும் நடக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். சங்க காலந்தொட்டுத் தலைவி கூற்றாகவும் தோழி கூற்றாகவும் பாடிய ஆண் புலவர்கள் எத்தனையோ பேர். நம்மாழ்வார் தலைவியாகி உருகியிருக்கிறார். அப்பாடல்களை உண்மையில் யாரோ ஒரு பெண் பாடி, பெயரை அவர்களுக்குத் தந்திருப்பாள் என்று எந்த அறிஞரும் ஐயுற்றதில்லை. ஆண் பெண்குரலில் பாடினால் அவனுடைய புலமையை வியக்கிறோம். பெண் தன் குரலிலேயே பாடினால், எழுதிக்கொடுத்தவர் யார் என்று தேடுகிறோம்.

2018ஆம் ஆண்டு சனவரியில் எங்கள் அண்டை ஊராகிய இராஜபாளையத்தில் கவிஞர் வைரமுத்து ஆண்டாளைப் பற்றி ஓர் உரை ஆற்றினார். அதில் இடம்பெற்ற ஒரு மேற்கோளை ஒட்டித் தமிழகமெங்கும் பூசல் மூண்டது வாசகர்கள் நினைவில் இருக்கும். எங்கள் தெருக்களிலும் பல நாள் அதே பேச்சு. அந்தப் பூசலின் நியாய அநியாயங்களுக்குள் நான் புக விரும்பவில்லை. நான் கண்டது ஒன்றே: அவள் எந்தக் குலத்தில் பிறந்தாள், அவள் யார் மகள், அவளை எவ்வாறு அழைக்கலாம் என்று இரு தரப்பாரும் வாரக்கணக்கில் வாதிட்டனர். அவள் என்ன எழுதினாள் என்பதைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. வீதியில் என்னோடு பேசிய மகளிர் பலர்க்குத் திருப்பாவை மனப்பாடம். திருமணப் பாட்டாகப் பாடப்படும் வாரணமாயிரமும் தெரியும். நாச்சியார் திருமொழியின் ஏனைய பதிகங்களை அவர்கள் படித்ததில்லை. படித்தால், ஒரு பெண் தன் உடலையும் ஆசையையும் சினத்தையும் இத்தனை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறாளே என்று திகைப்பார்கள். தெய்வமாக்கி உயரே வைத்தபின் அவள் சொன்னவற்றுள் பாதியைக் கேளாமல் இருந்துவிட முடிகிறது.

இவ்வகைக் கேள்விகளை எழுப்புவதைத்தான் இக்காலத்தார் பெண்ணியம் என்கின்றனர். அச்சொல்லைக் கேட்டதும் நம் இல்லங்களில் முகஞ்சுளிப்போர் உண்டு. சில காலம் நானும் சுளித்தவள்தான். குடும்பத்தைக் கலைப்பது, ஆடவரைப் பழிப்பது என்றே அதை எண்ணியிருந்தேன். 1929ஆம் ஆண்டு ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா ஊல்ஃப் வெளியிட்ட சிறு நூலின் கருத்தை என் பேத்தி விளக்கக் கேட்டபோது, அதில் வசை ஒன்றும் இல்லாமை கண்டு வியந்தேன். பெண் எழுத வேண்டுமானால் அவளுக்குத் தனக்கென ஓர் அறையும் சொந்தமாகக் கொஞ்சம் பணமும் வேண்டும் என்பதுதான் அதன் மையம். பெயர் தெரியாத பழம்பாடல்களுள் பலவற்றைப் பாடியவர்கள் பெண்களாக இருக்கக்கூடும் என்றும் அவர் ஊகிக்கிறார். நம் தமிழில் அம்பை அவர்கள் 1984ஆம் ஆண்டிலேயே தமிழ் இலக்கியத்தில் பெண்களின் நிலை குறித்து ஓர் ஆய்வு நூல் வெளியிட்டவர். சமையலறையிலேயே ஆயுளைக் கழிக்கும் பெண்களைப் பற்றி அவர் எழுதிய கதை ஒன்றைப் படித்துவிட்டு அன்று இரவு என் சமையலறையை நான் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இனி நம் பக்கத்துக்கு வருவோம்.

ஆண்டாள் வாழ்ந்த காலம் எட்டாம் அல்லது ஒன்பதாம் நூற்றாண்டு என்பர். அதே நூற்றாண்டுகளில், அதே பாண்டி நாட்டில், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஒரு பகற்பொழுதில் போய்த் திரும்பக்கூடிய கழுகுமலையில் நம் தீர்த்தங்கரர் திருமேனிகள் பாறையில் வரிசை வரிசையாக வடிக்கப்பட்டுக்கொண்டிருந்தன. அங்கே சென்றவர்கள் சிற்பங்களை வணங்கித் திரும்பிவிடுகிறோம். சிற்பங்களின் அடியில் வட்டெழுத்தில் பொறித்துள்ள பெயர்களைப் படிப்பவர் குறைவு. இன்னார் செய்வித்த திருமேனி என்று அவை சொல்கின்றன. அப்பெயர்களுள் பல, குரத்தியர் பெயர்கள். குரவர் என்பதன் பெண்பால் குரத்தி. ஆசிரியை என்று பொருள். ஊரின் பெயரோடு சேர்த்து இன்ன ஊர்க் குரத்தி என்றும், இன்னாருக்கு மாணாக்கி என்றும் பொறித்திருக்கிறார்கள். முதன்முறை ஒரு தொல்லியல் அன்பர் அவற்றைப் படித்துக் காட்டியபோது, ஆசிரியப் பயிற்சி பெற்ற எனக்கு, என் தொழிலின் மூத்தோர் கல்லில் நிற்கக் கண்டது போல் இருந்தது.

வடக்கே இன்னும் விரிவான செய்திகள் உள்ளன. எங்கள் வந்தவாசிப் பக்கத்து வேடலில், முதலாம் ஆதித்த சோழனின் பதினான்காம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று கனகவீரக் குரத்தியாரைக் குறிப்பிடுகிறது. அவர் குணகீர்த்தி படாரரின் மாணாக்கி. அவருக்கு மாணாக்கியர் ஐந்நூறு பேர். வேறு நானூறு தவப்பெண்களோடு ஏதோ பிணக்கு நேர, அவ்வூர்ச் சமணர்கள் குரத்தியாரையும் அவர் மாணாக்கியரையும் காத்து உணவளிக்க ஒப்புக்கொண்டதாக அது கூறுகிறது. ஒன்பதாம் நூற்றாண்டில், ஒரு சிற்றூரில், தொள்ளாயிரம் பெண் துறவியர்! அப்பிணக்கு எதைப் பற்றியது என்று கல்வெட்டு சொல்லவில்லை. உணவு பற்றியதாக இருக்கலாம். தத்துவம் பற்றியதாகவும் இருக்கலாம். எனக்கு இரண்டாவதே வேண்டும் என்று மனம் விழைகிறது. ஆர்க்காட்டுப் பக்கத்து விளாப்பாக்கத்தில், முதலாம் பராந்தகன் காலத்தில், ஏறத்தாழ கி.பி. 945இல், பட்டினிக் குரத்தியார் கிணறு தோண்டுவித்ததும் அவ்விடம் பெண்பள்ளியாக நிலைபெற்றதும் பதிவாகியுள்ளன.

பெருமைப்பட வேண்டிய செய்திகள்தாம். நம் விழாக்களில் எடுத்துக் கூறிப் பெருமைப்பட்டும் வருகிறோம். ஆனால் பேத்தியின் கேள்வி, எழுதிய பெண்கள் உண்டா என்பது. இத்தனை குரத்தியரும் கற்பித்தவர்கள். ஐந்நூறு பேருக்குக் கற்பித்தவர் வாயில்லாமல் கற்பித்திருக்க முடியாது. அவர்கள் சொன்னவற்றுள் ஒரு வரியேனும் அவர்கள் பெயரால் நம்மிடம் இல்லை. பெயரைக் கல்லில் வெட்டியவர்கள், சொல்லை ஓலையில் ஏற்றிக் காக்கவில்லை.

சொல் எஞ்சிய இடம் ஒன்று உண்டு. அங்கே பெயர் இல்லை. சீவக சிந்தாமணியை நாம் நம் காப்பியம் என்று தலைமேற் கொள்கிறோம். 1887ஆம் ஆண்டு உ.வே. சாமிநாத ஐயர் அதனைப் பதிப்பித்தபோது கும்பகோணத்துச் சமண அன்பர்கள் துணைநின்ற வரலாறும் நமக்கு மனப்பாடம். அதன் செய்யுட்கள் 3145. திருத்தக்கதேவர் பாடியவை 2700 என்பது ஒரு பழங்கணக்கு. எஞ்சிய 445 செய்யுட்களுள் பெரும்பாலானவை யாருடையவை? கந்தியார் பாடிச் சேர்த்தவை என்பது வழிவழிச் செய்தி. உரையாசிரியர் நச்சினார்க்கினியரும் சில செய்யுட்களைக் கந்தியாருடையவை என்று சுட்டுகிறார். கந்தி என்றால் என்ன? தவப்பெண், ஆரியாங்கனை என்றே அகராதிகள் பொருள் தருகின்றன. ஆகவே கந்தியார் என்பது அவர் பெயரே அன்று. துறவி அம்மையார் என்பது போன்ற ஒரு பொதுச்சொல். உதயணகுமார காவியத்தின் ஆசிரியராகவும் கந்தியார் ஒருவரைக் கூறுவர். இருவரும் ஒருவரா, வேறு வேறு காலத்தவரா என்று பிரித்தறியவும் வழியில்லாதவாறு, பொதுச்சொல் இருவரையும் மூடிவிட்டது.

அவர் செய்யுட்களுக்கு நம் புலவர்கள் இட்ட பெயர் ‘இடைச்செருகல்’. மாணவப் பருவத்தில் நானும் அச்சொல்லைத் தயக்கமின்றித் தேர்வில் எழுதியவள். இன்று அச்சொல் சற்று உறுத்துகிறது. ஒரு புலவர் பாடிய நூலுக்குள் பிறர் தம் பாட்டைச் செருகுவது முறையன்று என்பது சரியே. நூலாசிரியர்க்கு அது இழைக்கும் குறையை நான் மறுக்கவில்லை. ஆனால், நூற்றுக்கணக்கான விருத்தங்களைத் தேவரின் நடையோடு வேற்றுமை தோன்றாதவாறு பாடவல்ல ஒரு பெண், தனி நூல் செய்யாமல், ஆணொருவர் கட்டிய மாளிகையின் இடைவெளிகளில் தம் பாட்டை ஏன் வைத்தார்? தனி நூல் செய்தால் யார் படியெடுப்பார், எந்த அவையில் அரங்கேற்றுவார்? ஊல்ஃப் கேட்ட தனியறை கந்தியாருக்கு இல்லை. ஆகவே பிறர் வீட்டில் எழுதினார் என்று எண்ணத் தோன்றுகிறது. இது என் ஊகமே. ஆயினும் இடைச்செருகல் என்ற சொல்லால் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதினும் இவ்வூகம் நேர்மையானது என்று கருதுகிறேன்.

பெயரை அறிந்தே வெட்டியதும் நம் தமிழ் மண்ணில் நடந்ததுண்டு. தஞ்சையில் பிரதாபசிம்மர் அரசவையில், பதினெட்டாம் நூற்றாண்டில், முத்துப்பழனி என்னும் கணிகை ‘ராதிகா சாந்தவனமு’ என்ற தெலுங்குக் காவியம் பாடினார். தம் பாட்டியையும் அத்தையையும் முன்னோராகச் சொல்லித் தம் மரபை நூலின் முகப்பில் எழுதினார். 1887இல் அச்சேறிய பதிப்பில், அவர் தம்மைப் பற்றி எழுதிய அப்பகுதியே விடப்பட்டது. பெங்களூர் நாகரத்தினம்மாள் மூலப் படியைத் தேடிப் பிடித்து 1910இல் முழுநூலையும் பதிப்பித்தார். ஆபாசம் என்று அரசு அதனைப் பறிமுதல் செய்தது. இந்திய விடுதலையை ஒட்டிய காலத்தில்தான் தடை நீங்கியது. அந்நூலின் சிருங்காரப் பொருள் அணுவிரதம் ஏற்ற எனக்கு உவப்பானதன்று. ஆனால் அதே பொருளை அதே அளவு வெளிப்படையாகப் பாடிய ஆண் கவிகளின் நூல்களைக் கைப்பற்ற எவரும் வண்டி அனுப்பவில்லை.

இத்தகைய நிகழ்ச்சிகளை அநியாயம் என்று எல்லாருமே ஒப்புவர். நம் சமயத்தின் அளவுகோலில் இது எவ்வகைக் குற்றம் என்பதுதான் என் கேள்வி. நாட்டு வழக்கம், காலத்தின் கோலம் என்று தள்ளிவிடத்தக்கதா? அல்லது பாவக்கணக்கில் சேர்வதா?

ஜீவனுக்குரிய பிராணன்கள் பத்து என்று நம் பாடசாலையில் ஒப்பித்திருக்கிறோம். ஐம்பொறிகள் ஐந்து, மனபலம், வசனபலம், காயபலம் என்று மூன்று, உயிர்ப்பு ஒன்று, ஆயுள் ஒன்று. தத்துவார்த்த சூத்திரம் ஹிம்சைக்குத் தரும் இலக்கணம், பிரமாதத்தின் வயப்பட்டு, அதாவது கவனமின்மையாலும் கஷாயங்களாலும் உந்தப்பட்டு, பிராணன்களை ஊறுபடுத்துதல் என்பது. உயிரைப் போக்குதல் மட்டுமே ஹிம்சை என்று ஆசாரியர் சொல்லவில்லை. பத்துப் பிராணன்களுள் எதற்கு ஊறு செய்தாலும் ஹிம்சையே. அப்படியாயின் வசனபலம், பேசும் வல்லமை, அதற்குள் அடங்கவில்லையா? ஒருத்தியின் வாக்கை அடைப்பது அவளுடைய பத்துப் பிராணன்களுள் ஒன்றைத் தொடுவதாகும். நீரை வடிகட்டிப் பருகுகிறோம், பொழுது சாய்ந்தபின் உண்ணாதிருக்கிறோம், வேரோடு பிடுங்கும் கிழங்கை விலக்குகிறோம். கண்ணுக்குத் தெரியாத ஓரறிவுயிருக்கு அத்தனை காவல் வைத்தவர்கள், அடுப்படியில் நிற்கும் ஐயறிவும் மனமும் உடைய ஓர் உயிரின் வசனபலம் என்னும் பிராணனைப் பற்றி எண்ணவில்லை. சாத்திர வல்லுநர்கள் இப்பொருள் விரிவை ஏற்காமலும் போகலாம். ஏற்கவில்லையெனில் காரணத்தை இம்மலரிலேயே எழுதுமாறு அவர்களை வேண்டுகிறேன்.

பெண் பிறவியில் வீடுபேறு இல்லை என்பது நம் திகம்பர மரபின் கொள்கை. அவ்வாறிருக்கப் பெண்ணின் வாக்குக்கு இத்துணை இடம் தேவையா என்று ஒருவர் என்னிடம் கேட்டார். அவ்வழக்கு மிகப் பழையது. குந்தகுந்தாசாரியர் காலத்திலிருந்து நடப்பது. யாபனீய சங்கத்துச் சாகடாயனர் ஒன்பதாம் நூற்றாண்டில் பெண்ணுக்கும் வீடுண்டு என்று தனி நூலே செய்தார்; பிரபாசந்திரர் மறுத்தார். பேராசிரியர் பத்மநாப ஜெயினி 1991இல் அவ்வாதங்களைத் தொகுத்து வெளியிட்டார். தீர்ப்புச் சொல்ல நான் தகுதியுடையவள் அல்லள். ஆனால் முற்றத்துறத்தலுக்கு ஆடை தடை என்ற வாதம் எனக்கு விளங்குகிறது. பெண்ணின் மனம் நிலையற்றது என்ற வாதம் விளங்கவில்லை. மற்றொன்றும் சொல்ல வேண்டும். அந்நெடிய வழக்கில் இரு பக்கமும் நின்று வாதிட்டவர்கள் ஆண் துறவியரே. யாரைப் பற்றிய வழக்கோ, அவளை ஒருவரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. அநேகாந்தம் பேசும் நாம் ஒரு நயத்தை முற்றிலும் விட்டுவிட்டோம்.

நம் இலக்கியத்தில் வாதிட்ட பெண் ஒருத்தி உண்டு: நீலகேசி. பழையனூர்ப் பேயாகத் தோன்றி, முனிவர் அறவுரையால் நல்லறம் பெற்று, ஊர்தோறும் சென்று பிற சமயத்தாரை வாதில் வென்றவள். பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் 1936இல் அந்நூலைப் பதிப்பித்தார். அரசவையில் நின்று தருக்கம் பேசும் அவளை நாம் கொண்டாடுகிறோம். அவள் கவிஞர் ஒருவர் படைத்த பாத்திரம். கற்பனைப் பெண் பேசினால் கைதட்டுவது எளிது. எனக்கு இது நன்றாகத் தெரியும். ஏனெனில், இனிச் சொல்லப்போவது என் சொந்தக் கதை.

1978இல் ஒரு விழா மலருக்கு நீலகேசியைப் பற்றிக் கட்டுரை எழுதினேன். இரண்டு மாதம் இரவில் விழித்து எழுதியது. மலர் வந்தபோது கட்டுரையின் கீழ் என் கணவர் பெயர் இருந்தது. குடும்பப் பெண்ணின் பெயர் அச்சில் வருவது நன்றாயிராது என்று பொறுப்பாளர் கருதினாராம். என் கணவர் நல்லவர், கூசிப்போனார். மாலையில் நண்பர்கள் வந்து பெண்ணறிவை நீங்கள் எவ்வளவு அழகாகப் பாராட்டியிருக்கிறீர்கள் என்று அவரைப் புகழ்ந்தனர். அவர் என்னைப் பார்த்தார். நான் காப்பித் தம்ளர்களை வைத்துவிட்டு உள்ளே போனேன். கொடாததைக் கொள்வது களவு என்கிறது நம் மூன்றாம் விரதம். அன்று நான் கொடுத்தேனா, அவர்கள் கொண்டார்களா என்று இன்றும் என்னால் அறுதியிட முடியவில்லை. வாய் திறக்கவில்லை, ஆகவே உடன்பட்டேன் என்றுதான் கணக்கு.

அடுத்தது இதனினும் பெரியது. தீவினையைச் செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூன்றாக வகுத்து மூன்றும் ஒக்கும் என்பர் நம் ஆசாரியர்கள். உடன்பட்ட நான் எட்டு ஆண்டுகளில் செய்வித்தவளும் ஆனேன். 1986இல் என் எட்டாம் வகுப்பில் ஒரு சிறுமி. சத்திரப்பட்டிப் பக்கம், மருத்துவத் துணி நெய்யும் விசைத்தறிக் குடும்பம். கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் அவள் எழுதிய கவிதைகள் ஒருநாள் என் கண்ணில் பட்டன. தறியின் ஓசையையும், இரவில் தறியோட்டும் தாயையும், தான் பார்க்க விரும்பும் கடலையும் பற்றியவை. ஒன்றில் மட்டும் யாரோ ஒருவன் வருகிறான். நான் அவளிடம் முதலில் கேட்ட கேள்வி, “எதப் பாத்து எழுதின?” என்பது. அவளே எழுதியது என்றாள். நான் நம்பவில்லை. ஆண்டாள் விஷயத்தில் அறிஞர்கள் பட்ட ஐயம் அதுவே என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பிறகு அந்த ஒரு கவிதையில் வரும் யாரோ ஒருவன் எனக்குக் கவலை தந்தான். பொறுப்புள்ள ஆசிரியை என்ற எண்ணத்தில் தந்தையை வரவழைத்து நோட்டைக் கையில் கொடுத்தேன். என் மேசைக்கு முன்னாலேயே அவர் அதைக் கிழித்தார். அவள் அழவில்லை, கிழிந்த தாள்களில் கணக்குப் பாடம் இருந்த பக்கங்களை மட்டும் பொறுக்கிக்கொண்டாள். அடுத்த ஆண்டு பள்ளிக்கு வரவில்லை.

அந்த வாரம்தான் வகுப்பில் நீலகேசி கதையைச் சொல்லி முடித்திருந்தேன்.

நாலைந்து ஆண்டுகளுக்கு முன் ஆடிப்பூரக் கூட்டத்தில் ஒருத்தி “டீச்சர்!” என்று கையைப் பிடித்தாள். பேரப்பிள்ளை இடுப்பில். முகம் நிறையச் சிரிப்பு. என்னைப் பற்றி அவளுக்கு ஒரு மனத்தாங்கலும் இருந்ததாகத் தெரியவில்லை. அதுவே எனக்குத் தாங்கவில்லை. “இப்பவும் எழுதுறியாம்மா?” என்று கேட்டேன். “என்னத்த டீச்சர் எழுதுறது, பால் கணக்கு எழுதுறேன்” என்று சிரித்தாள். பிரதிக்கிரமணம் செய்யும்போதெல்லாம் அவள் முகம் வருகிறது. அவளிடம் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அதற்குள் தேர் நகர்ந்துவிட்டது. கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது.

இவையெல்லாம் பழங்காலத்துச் செய்திகள் என்று இளையோர் நினைக்கலாம். திருச்சிப் பக்கத்துத் துவரங்குறிச்சியில் பிறந்த சல்மா, வீட்டாருக்குத் தெரியாமல் இரவில் மறைந்திருந்து எழுதி, புனைபெயரில் அச்சிட்டவர். அவருடைய ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ வெளிவந்தது 2004இல்.

பேத்தியின் இரண்டாவது கேள்விக்கு என்னால் தர முடிந்த விடை இவ்வளவுதான்: எழுதிய பெண்கள் நம் பக்கத்தில் இருந்திருக்கிறார்கள், நாம் அவர்களைக் காக்கவில்லை. ஆனால் விடை முற்றுப்பெறவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. காரணம், என் பெட்டியில் உள்ள ஒரு நோட்டு. எங்கள் ஆயா, அதாவது என் தந்தையைப் பெற்றவர், மேல்சித்தாமூர்ப் பார்சுவநாதர் மேலும் பொன்னூர் மலை மேலும் பாட்டுகள் பாடுவார். அவருக்கு எழுதத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல என் அத்தை எழுதியது அந்த நோட்டு. வை.மு. கோதைநாயகி அம்மாளும் தொடக்கத்தில் எழுதத் தெரியாமல், தோழி எழுதத் தம் முதல் நூலைச் சொன்னவர்தாமே. பின்னர் 1925 முதல் ‘ஜகன்மோகினி’ இதழை நடத்தி 115 நாவல்கள் எழுதினார். ஆயாவின் பாட்டுகளுள் அவரே கட்டியவை எவை, கேட்டுப் பாடியவை எவை என்று தெரியவில்லை. நோட்டின் அட்டையில் கடையில் அச்சிட்ட ஒரு மயிலும், என் தாத்தாவின் பெயரும் உள்ளன.

ஆயாவின் பெயரை எழுத வேண்டும் என்று சென்ற மாதம் பேனாவை எடுத்தபோது அவர் பெயர் எனக்கு நினைவுக்கு வரவில்லை. உண்மையில் எனக்குத் தெரியவே தெரியாது. தாத்தாவின் பெயரைச் சொல்லி ‘அவர் வீட்டம்மா’ என்றும், ஆயா என்றும்தான் அனைவரும் அழைத்தோம். ஊருக்குத் தொலைபேசியில் பேசினேன். இரண்டு சித்தப்பாக்களுக்குத் தெரியவில்லை. தொண்ணூறு வயதை நெருங்கும் அத்தை சற்று யோசித்து, “பத்மாவதி” என்றார், பிறகு, “அது பள்ளிக்கூடத்துக்கு வெச்ச பேரு, பள்ளிக்கூடந்தான் போகலியே” என்றார்.

அட்டையில் எழுதிவிட்டேன். நோட்டில் நாற்பத்திரண்டு பாட்டுகள் உள்ளன. பேத்தி அவற்றைப் படியெடுத்துக்கொண்டிருக்கிறாள். வாசகர் இல்லங்களில், பூசைப் பெட்டியிலோ பரண் மேலோ, பாட்டியரின் பாட்டு நோட்டுகள் இருந்தால் எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன். அட்டையில் யார் பெயர் உள்ளது என்று முதலில் பாருங்கள். பாடியவர் பெயரும் ஊரும் விசாரித்து எழுதி, ஒரு படியை ஆசிரியர் குழுவுக்கு அனுப்பினால், ஒவ்வோர் இதழிலும் ஒரு பாட்டேனும் அவரவர் பெயரோடு வெளியிட அவர்கள் இசைந்துள்ளனர். மூல நோட்டுகளை அனுப்ப வேண்டா, அஞ்சலில் தொலைந்துவிடும்.